முளைத்த நாற்று மூன்றாம் நாள் சாய்கிறது: விதை சரியில்லையா?

கேள்வி: ஐயா, வணக்கம். பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் இடத்தில் காய்கறித் தோட்டம் போட நினைத்து, ஆடிப்பட்டத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாவற்றையும் குழித்தட்டில் விதைத்தேன். தென்னை நார்க்கழிவையும் எங்கள் குழியில் போட்டு வைத்த சமையலறைக் கழிவு எருவையும் சரிபாதி கலந்து தட்டை நிரப்பினேன். நன்றாக முளைத்தது. ஆனால் மூன்றே நாளில் நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. புது விதை வாங்கிப் போட்டும் அப்படியேதான். காற்று பலமாக இருப்பதால் ஒரு நாளைக்கு மூன்று வேளை போர்த் தண்ணீர் ஊற்றுகிறேன். எருக்குழியில் நாற்றமும் புழுவும் இருக்கின்றன. வேறு கடையில் விதை வாங்கட்டுமா, பஞ்சகவ்யம் தெளிக்கட்டுமா?

பதில்: வணக்கம் அம்மிணி. விதைக்கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம். முளைக்கவே இல்லை என்றால் விதையைச் சந்தேகிக்கலாம். உங்களுக்குத்தான் நன்றாக முளைத்திருக்கிறதே. மூன்றாவது முறை விதை வாங்கி இதே கலவையில் போட்டாலும் பணம்தான் விரயம். கோளாறு தட்டுக்குள் இருக்கிறது. அதில் பாதி எருக்குழியிலிருந்து வந்தது.

சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலை இன்னும் பச்சையாக இருந்து, மண்மட்டத்தில் மட்டும் தண்டு நீர் கோத்துப் பழுப்பாகி நூலாக இளைத்திருந்தால், அது நாற்றழுகல் நோய். பித்தியம் முதலிய பூசணங்களின் வேலை. தண்டு துண்டாக வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுப்புழு. நெடுநெடுவென்று வெளுத்து வளர்ந்து மடங்கினால் வெளிச்சம் போதவில்லை. இலை ஓரம் கருகி வளர்ச்சி நின்றிருந்தால் உப்பு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நாற்றழுகல்தான் என்று சொல்வேன். தண்ணீரின் உப்பும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம்.

அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று, தட்டையும் சும்மா விடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் அந்தக் காற்றில் தட்டின் மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் வெளுத்துப் போகும். வெளுப்பைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். நார்க்கழிவோ தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே காய்ந்து, அடியில் சேறாக இருக்கும் தட்டில் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆகையால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்: தட்டைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலையில் ஒரு முறை, பூவாளியில், போதும். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் நாற்றின் கழுத்து, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம், ஈரத்திலேயே நிற்கும். காற்று வரும் மேற்குப் பக்கத்தில் சோளத்தட்டாலோ நிழல்வலையாலோ ஒரு தடுப்புக் கட்டிவிடுங்கள். தண்ணீர்ச் செலவும் குறையும்.

உங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் பல இடங்களில் சப்பைத் தண்ணீர்தான், அதாவது உப்பு கலந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். வளர்ந்த கத்தரி ஓரளவு தாங்கும். இரண்டு இலை நாற்று தாங்காது. நாற்றுப் பருவம் முடியும் வரை மழைநீரோ ஆற்றுக் குடிநீரோ கொடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் உப்பின் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

நார்க்கழிவை வாங்கிய கையோடு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பொருளும் இருக்கும். மட்காதது என்றால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். ஊறவைத்து வடிப்பதை, காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு செம்மண் 2 பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் 1 பங்கு, கழுவிய நார்க்கழிவு 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொழுவுரத்தில் முன்கூட்டியே டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) தூளைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்தால் இன்னும் நல்லது. விதைக்கும் அந்தத் தூளையே ஒரு சிட்டிகை பிசறலாம்; கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. கடை விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வந்திருந்தால் அதில் பூசணக்கொல்லி இருக்க வாய்ப்பு அதிகம், அதன் மேல் டிரைக்கோடெர்மா போடுவது வீண். பழைய தட்டுகளைக் கழுவி நல்ல வெயிலில் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

எருக்குழிதான் எனக்குக் கவலை. நாறுகிறது என்றால் உள்ளே காற்று இல்லை, மட்கவில்லை, அழுகுகிறது. வெறும் காய்த்தோலும் மிஞ்சிய சோறும் மோரும் கொட்டி மூடினால் வேறு என்ன நடக்கும்? ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த பொருள் வேண்டும்: வேப்பஞ்சருகு, நறுக்கிய சோளத்தட்டு, நிலக்கடலைத் தோல், எது கிடைக்கிறதோ அது. சாணிக் கரைசல் கொஞ்சம் தெளித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடிமேலாகப் புரட்டுங்கள். பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. நல்ல குவியல் முதல் வாரத்திலேயே உள்ளே கை வைக்க முடியாதபடி சுடும், பிறகு ஆறும். மூன்று மாதம் பொறுத்தால் மழை நனைத்த மண் வாசனை வரும். சந்தேகம் இருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அந்த எருவை நிரப்பிக் கொஞ்சம் தண்டுக்கீரை விதை தூவிப் பாருங்கள். கீரை நிமிர்ந்து நின்றால் நாற்றுக்கும் கொடுக்கலாம்.

புழு என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் புழு என்று எழுதவில்லை. தட்டையாக, கால் இல்லாமல், சாம்பல் கலந்த பழுப்பில் நெளிந்தால் அது ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழு. செடியைத் தொடாது, கழிவைத்தான் தின்னும். நாட்டுக்கோழிக்குப் போட்டால் ஓடி வந்து தின்னும். விரல் தடிமனில் வெள்ளையாகச் சுருண்டு, பழுப்புத் தலையும் முன்புறம் மூன்று ஜோடிக் காலும் இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வளர்ந்தால் தென்னங்குருத்தைக் குடையும். பக்கத்துத் தோட்டத்தில் தென்னை இருக்கிறதோ இல்லையோ, பொறுக்கி அழித்துவிடுங்கள். இந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தை எருக்குழியில் கலக்கும் வழக்கமும் இருக்கிறது.

பஞ்சகவ்யம் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பியது; நானும் சிபாரிசு செய்வதுதான். ஆனால் அழுகிய கழுத்தை அது ஒட்டவைக்காது. நட்டு வேர் பிடித்த செடிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி கலந்து தெளியுங்கள். இப்போது தட்டில் மிஞ்சியிருக்கும் நாற்றைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்றால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். அந்தத் தட்டில் டிரைக்கோடெர்மா போடக் கூடாது. என்னைக் கேட்டால், சாய்ந்த தட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

வெண்டையைத் தட்டில் போட்டது தேவையில்லாத வேலை. இரவு ஊறவைத்து நேராகப் பாத்தியில் ஊன்றுங்கள். பாகல், பீர்க்கு, அவரையும் அப்படியே. தட்டு, தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மட்டும். தக்காளியை 25 நாளிலும் கத்தரியை 30 முதல் 35 நாளிலும் மிளகாயை 40 நாளுக்குள்ளும் சாயங்கால வேளையில் எடுத்து நடலாம். புரட்டாசித் தொடக்கத்தில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முன்னோ பின்னோ நட வசதியாக இருக்கும். அதுவரை கிடைக்கும் நாட்களில் கலவையைத் தயார் செய்து, எருக்குழியையும் சரி செய்துவிடலாம். உங்கள் எரு அதற்குள் முழுதாக மட்கிவிடாது. இந்த முறை தொழுவுரத்தை வெளியில் வாங்கிக்கொண்டு, குழியில் இருப்பதைத் தைப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும்; வளைந்தால் முற்றிவிட்டது. முற்றியதைச் செடியில் விட்டுவைத்தால் அடுத்த காய் குறையும். விதைக்கு வேண்டுமானால் நல்ல செடி ஒன்றைக் கயிறு கட்டி அடையாளம் வைத்துத் தனியாக விட்டுவிடுங்கள். கலப்பின விதையில் வந்த செடியாக இருந்தால், அதன் விதை தாய்ச்செடியைப் போல வராது என்பதால், அதற்கும் அவசியமில்லை.