அட்டையில் செய்த பெரிய பன்னிருமுகிக்கு ஆய்லர் சூத்திரம் ஏன் பொருந்தவில்லை?

உச்சி − விளிம்பு + முகம் = 2 என்பது ஆய்லர் சூத்திரம்; பன்னிரண்டு ஐங்கோணங்கள் ஊடுருவி நிற்கும் பெரிய பன்னிருமுகியில் (great dodecahedron) அது வரவில்லை என்கிறீர்கள். உங்கள் எண்ணிக்கை சரிதான். உச்சி 12, விளிம்பு 30, முகம் 12. கூட்டிக் கழித்தால் −6. உப்பினால் உருண்டையாகிவிடக்கூடிய பன்முகிக்குத்தான் 2 வரும். பாடநூல்கள் அந்த நிபந்தனையை விழுங்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் கட்டம் கட்டிப் போடுகின்றன. படிக்கிறவர் தன் கணக்கையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதில் முகம் என்பது முழு ஐங்கோணம். பன்னிரண்டும் ஒன்றையொன்று ஊடுருவுவதால், ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் உள்ளே மறைந்து ஓரத்து ஐந்து முக்கோணங்கள் மட்டும் தெரிகின்றன. ஊடுருவும் கோடு விளிம்பில் சேராது. "கண்ணுக்குத் தெரிகிற மடிப்பை எப்படி விடலாம்?" என்று சண்டைக்கு வருபவர்கள் அதையும் சேர்த்தே எண்ணட்டும்: 32 − 90 + 60 = 2. தப்பில்லை. ஆனால் அது குழி விழுந்த இருபதுமுகி, அதாவது 20 முக்கோண முகங்களும் உள்வாங்கிய வடிவம். 1809இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்சோ விவரித்த வடிவம் அதுவல்ல. ஆங்கிலக் கணிதவியலாளர் ஆர்தர் கேலி (Cayley) சூத்திரத்துக்குச் செய்த திருத்தத்தில் உச்சிக்கும் எடை உண்டு: ஓர் உச்சியைச் சுற்றி ஐந்து முகங்களும் இரண்டு சுற்று வருவதால் 2×12 − 30 + 12 = 6, அதாவது அடர்த்தி (மேற்பரப்பு மையத்தை எத்தனை முறை சூழ்கிறது என்ற எண்) 3இன் இருமடங்கு.

குழிக்கு ஒரு நிறமாக ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பல அப்படித்தான்; ஐங்கோணம் கண்ணில் படவே படாது.

ஐங்கோணம் தெரிய வேண்டுமானால் குழி குழியாக இப்படிச் செய்யுங்கள். விளிம்பு 10 செ.மீ. என்றால் 6.18 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கோணமானியை நகர்த்தி நகர்த்தி அளந்தால் பிழை ஏறும்; கவராயத்தை 10 செ.மீ. விரித்துப் பரிதியில் மூன்று முறை வெட்டுங்கள். 108° வீதம் மூன்று முக்கோணம் போக 36° மிஞ்சும். அதைக் கத்தரித்து எறியாதீர்கள், அதுதான் ஒட்டுநாக்கு. ஒட்டியதும் குழி 2.2 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். குழியின் வாய்க்குக் குறுக்கே அளவுகோலை வைத்துப் பாருங்கள். இப்படி 20 குழிகள்.

நாண்களுக்கு (பரிதியின் வெட்டுப் புள்ளிகளை இணைக்கும் கோடுகளுக்கு) வெளியே 8 மி.மீ. நாக்கு விட்டு வெட்டி, அந்த ஓரத்தைப் பின்பக்கமாக நன்றாக மடக்குங்கள். முக்கோணத்துக்கும் நாக்குக்கும் இடையே சுமார் 32° தான் இருக்க வேண்டும். செங்கோணத்தில் நிறுத்தினால் விளிம்பு வாய் பிளக்கும், காரணம் விளிம்பின் முழுக்கோணமே 63.4° தான். நாக்குகளின் முனைகளைச் சரிவாக நறுக்காவிட்டால் ஐந்து குழிகள் கூடும் உச்சியில் அட்டை நெருக்கும்.

நிறத்துக்கு முன் உச்சிகளுக்கு எண் போடுங்கள். எதிரெதிர் உச்சிகளுக்கு ஒரே எண், 1 முதல் 6 வரை. குழியின் ஒவ்வொரு முக்கோணமும் தன் விளிம்புக்கு எதிரே உள்ள உச்சியின் நிறத்தை வாங்கும். ஆறு நிறம் போதும். எதிரெதிர் குழிகளில் அதே மூன்று நிறங்கள் வரும், சுற்றும் திசை மட்டும் தலைகீழ். இருபதையும் ஒரே அச்சாக வெட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடைசிக் குழிக்கு உள்ளே கைபோகாது. ஒரு விளிம்பை மட்டும் ஒட்டிக் காயவிட்டு, மற்ற இரண்டிலும் மெதுவாக உலரும் பசை தடவி மூடுங்கள்.