பழைய வேதாகமத்தின் கடுஞ்சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் பொறுப்பு. பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) 'சப்பாணி', 'ஊனன்' என்று வரும் இடங்களில் நா எழுவதில்லை. ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் முன்வாங்கிலேயே இருக்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் மாற்றி வாசிக்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வாசித்துக்கொண்டு நிற்கும்போது மாற்றாதீர்கள். கையில் புத்தகத்தோடு தொடர்கிறவர்கள் தடுமாறுவார்கள். வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆச்சிமார் 'பிள்ளை பிழையா வாசிக்குது' என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைவிட, இன்றைக்கு நல்ல நோக்கத்தோடு ஒரு சொல்லை மாற்றுகிறவர் நாளைக்குத் தனக்குப் பிடிக்காத வசனத்தையும் மாற்றலாம்.

பகுதி முழுவதையும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலிருந்து வாசியுங்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் அது. அப்போஸ்தலர் 3:2இல் பழையது 'சப்பாணியாய்ப் பிறந்த ஒரு மனுஷனை' என்கிறது. புதியதில் அவர் கால் ஊனமுற்ற 'ஒருவர்'. 'அவன்' என்பது 'அவர்' ஆனதுதான், எங்கள் பார்வையில், பெரிய மாற்றம்.

வெள்ளிக்கிழமைக்குள் போதகரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பழையதை வைத்துப் பிரசங்கம் ஆயத்தம் செய்திருந்தால் மேற்கோள் ஒட்டாது. சனி இரவு இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதிலும் கரடான சொல் கிடக்கலாம். வாசிக்கும் முன் எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லி, புத்தகத்தின் பெயரை இரண்டு விதமாகவும் அறிவியுங்கள். 'அப்போஸ்தலர் நடபடிகள்' அங்கே 'திருத்தூதர் பணிகள்'. 'யாத்திராகமம்' அங்கே 'விடுதலைப் பயணம்'. சொல்லாவிட்டால் பாதிச் சபை பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும்.

மத்தேயு 18:8 மட்டும் வேறு. இரண்டு கால் உடையவனாய் நெருப்பில் தள்ளப்படுவதைவிடக் கால் இல்லாமல் ஜீவனுக்குள் போவது நலம் என்கிற வசனம் அது. அங்கே எந்தச் சொல்லைப் போட்டாலும் காலில்லாதவர் காதில் ஒரு மாதிரித்தான் விழும். இயேசு அங்கே பேசுவது பாவத்துக்கு இழுப்பதை விட்டுவிடுவதைப் பற்றி, உடலின் குறையைப் பற்றி அல்ல. அதைப் பிரசங்கிதான் வாய்திறந்து சொல்லவேண்டும். வாசிக்கிறவர் தலையில் போடக்கூடாது.

கேள்வி: 1 சாமுவேல் 25:22இல் 'சுவரில் நீர்விடும்' நாய் வந்ததும் வாலிபர் கூட்டம் சிரித்துக் குழம்பிவிட்டது. இப்படியான பேச்சு வேதத்தில் ஏன்?
– கிளிநொச்சி

பதில்: எபிரேய மூலத்தில் நாயே இல்லை. 'சுவரில் சிறுநீர் கழிக்கிறவன்' என்று மட்டும் இருக்கிறது, பொருள் 'ஆண்பிள்ளை'. இது ஆறு இடங்களில் வருகிறது. ஆறிலும் ஒரு வீட்டின் ஆண்களை ஒருவர்விடாமல் ஒழிப்பதுதான் பேச்சு. இங்கே பேசுகிறவன், சாப்பாடு தர மறுத்த நாபால்மேல் கொதித்துப்போன தாவீது. நாபாலின் மனைவி அபிகாயில் குறுக்கே வந்து அந்தக் கோபத்தைத் தடுக்கிறாள். பச்சையான அந்தப் பேச்சை மெழுகிவிட்டால் அவள் எதைத் தடுத்தாள் என்பதே விளங்காது.

கலாத்தியர் 5:12இல் மறுபக்கம் நடந்திருக்கிறது. விருத்தசேதனத்தை வற்புறுத்தினவர்கள் தங்களையே முழுக்க வெட்டிக்கொள்ளட்டும் என்று பவுல் குத்தலாகச் சொன்னது, பழைய தமிழில் 'தறிப்புண்டுபோனால் நலமாயிருக்கும்' என்று அடங்கிப்போனது. வாலிபர்களுக்கு அர்த்தத்தை முதலில் சொல்லிவிட்டு வசனத்தை வாசியுங்கள். சிரிப்பு அரை நிமிடத்தில் ஓயும்.

கேள்வி: பவுலே அப்படிப் பேசினார், இயேசுவும் 'விரியன்பாம்புக் குட்டிகளே' என்றார், நாங்கள் ஏசினால் மட்டும் பாவமா என்று மகன் கேட்கிறான்.
– மாங்குளம்

பதில்: இயேசு மத்தேயு 23இல் அப்படிச் சொன்னது, சனத்தின்மேல் பாரத்தைக் கட்டிவைத்துவிட்டு ஒரு விரலாலும் தொடாத தலைவர்களைப் பார்த்து, நேருக்கு நேர். அதே இயேசு மத்தேயு 5:22இல் சகோதரனை 'வீணன்', 'மூடன்' என்பதை நியாயத்தீர்ப்புக்குரியது என்கிறார். நம்மூர் 'விசரன்' அதற்கு அடுத்த வீட்டுக்காரன். எபேசியர் 4:29 விலக்கும் 'கெட்ட வார்த்தை'க்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லைத்தான் மத்தேயு 13:48 வலையில் பட்ட ஆகாத மீனுக்கும் சொல்கிறது.

கரண்ட் போனதும் 'நாசமறுந்த கரண்ட்' என்பது வாய்ப்பழக்கம், விட்டால் நல்லது. பிள்ளையைப் பார்த்து 'மூதேசி', 'நாசமாப் போ' என்பது சாபம். யாக்கோபு 3:9 சொல்வது அதைத்தான். மகனைத் திருத்துமுன் வீட்டில் பெரியவர்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: பழைய திருப்புதல்தான் தேவவசனம், மற்றது திரிப்பு என்கிறார்களே?
– முழங்காவில்

பதில்: அதுவும் பல மொழிபெயர்ப்புகளில் ஒன்றுதான். அந்தப் 'பழையது' ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த திருத்தம். 1715இலேயே லுத்தரன் மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது; பிறகு இன்னொரு லுத்தரன் மிஷனரி பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த வேதாகமம் 1850இல் வெளிவந்தும் சபைகளில் நிலைக்கவில்லை. பவர் திருப்புதல் வந்தபோதும் லுத்தரன் சபையார் பப்ரிசியசை விட மனமில்லாமல் நெடுங்காலம் வைத்திருந்தார்கள்.

கேள்வி: கடவுளை 'நீர்' என்பது மரியாதைக் குறைவா? இங்கே நாங்கள் சம வயதுக்காரரைத்தானே 'நீர்' என்கிறோம்.
– வவுனியா

பதில்: இல்லை. பழையதில் 'உம்முடைய நாமம்', புதியதில் 'உமது பெயர்'. இரண்டும் ஜெபத்தில் 'நீர்' வழக்கையே வைத்திருக்கின்றன. தனி ஜெபத்தில் 'நீங்கள்' வாயில் வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். சபையாகச் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் மட்டும் அச்சிலுள்ளபடி சொன்னால் குரல்கள் பிசகாது.