ஈஸ்ட் தெளித்தால் பூஞ்சணமும் அதன் நச்சும் போகுமா?

கேள்வி: "நிலக்கடலையிலும் பழங்களிலும் பூஞ்சணம் வராமல் ஈஸ்ட் தடுக்கும், பூஞ்சை நச்சையும் அது சிதைக்கும் என்று படித்தேன். கடையில் விற்கும் பேக்கரி ஈஸ்ட்டைக் கரைத்துத் தெளித்தால் போதுமா?"

போதாது. பழத்தில் ஈஸ்ட்டுக்கு வேலை உண்டு. ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுத்த இனமாக இருக்க வேண்டும், பூஞ்சை வேர்விடும் முன்பே போட வேண்டும். காய்ந்த கடலையில் எந்த ஈஸ்ட்டைத் தெளித்தும் பயனில்லை. கரைத்த தண்ணீரே கடலையைக் கெடுத்துவிடும்.

காரணம் ஈரம். ஒரு பொருளில் உள்ள நீரில் நுண்ணுயிருக்கு எட்டக்கூடிய பங்கை வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள். சுத்தமான நீருக்கு அது 1. பெரும்பாலான ஈஸ்ட்களுக்கு 0.88 அளவாவது வேண்டும். கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை ஏறக்குறைய 0.80 இருந்தாலே வளரத் தொடங்கிவிடும். அரைகுறையாகக் காய்ந்த கடலையில் பூஞ்சை வளரும், ஈஸ்ட் சுருண்டு கிடக்கும். ஆப்பிளில் விழுந்த காயம் அப்படியல்ல. அங்கே சாறு கசிகிறது, சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு அதுதான் இடம்.

குளிர்கிடங்கில் ஆப்பிளை நீலநிறமாக அழுகவைப்பது பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை. 0 டிகிரியிலும் மெதுவாக வளரும். தோல் முழுசாக இருந்தால் உள்ளே நுழைவது கடினம், காயம் வேண்டும். காயத்துக்குள் ஈஸ்ட் முதலில் போய்ச் சர்க்கரையையும் நைட்ரஜனையும் தீர்த்துவிட்டால் பூஞ்சையின் வித்து முளைக்கச் சத்து இருக்காது. மெட்ஷ்னிகோவியா என்ற ஈஸ்ட் இரும்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு கலந்த அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) வளர்த்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஈஸ்ட் திட்டைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் பூஞ்சை முளைக்காது. கேண்டிடா ஓலியோஃபிலா என்ற இனம் 1995இல் அமெரிக்காவில் அறுவடைக்குப் பிந்தைய அழுகலுக்காகப் பதிவானது. ஆய்வகத்தில் கிடைத்த பலன் பழக்கிடங்கில் ஒரே சீராகக் கிடைக்காததுதான் இந்த மாதிரித் தயாரிப்புகளின் பெரிய சிக்கல்.

நீங்கள் மாணவராக இருந்து சோதிக்க விரும்பினால் முறை இதுதான். ஈஸ்ட்டை ஊட்டக் குழம்பில் (சத்து கலந்த திரவம்) 28 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் குலுக்கி வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, கிருமி நீக்கிய நீரில் இரண்டு முறை கழுவுங்கள். கழுவாமல் விட்டால் மீந்த குழம்பு காயத்துக்குள் போய்ப் பூஞ்சைக்கே சோறு போடும். பலர் தவறுவது இங்கேதான். ஹீமோசைட்டோமீட்டரில் (நுண்ணோக்கியில் செல் எண்ணும் கண்ணாடித் தட்டு) எண்ணி மில்லிலிட்டருக்கு 10 கோடி செல் என்று வையுங்கள். ஆப்பிளில் 3 மில்லிமீட்டர் அகலம், அதே ஆழத்தில் துளையிட்டு 20 மைக்ரோலிட்டர் விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே அளவு பூஞ்சை வித்துக் கரைசல் (மில்லிலிட்டருக்கு 10,000 முதல் 1 லட்சம் வித்து). 20 டிகிரியில் 5 முதல் 7 நாள் வைத்து அழுகலின் விட்டத்தை அளக்கவும். ஒப்பிட்டுப் பார்க்க, ஈஸ்ட்டுக்குப் பதில் வெறும் நீர் விட்ட பழங்களும் கூடவே இருக்க வேண்டும். ஈஸ்ட் கரைசலில் 2 சதவீதம் கால்சியம் குளோரைடு சேர்த்தால் பலன் பெரும்பாலும் கூடும். பூஞ்சையை ஒரு நாள் முன்னதாக விட்டுப் பாருங்கள், ஈஸ்ட் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. இது வருமுன் காப்பது மட்டுமே.

இனி நச்சு. இதில் கட்டிப்போடுவது வேறு, சிதைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

அழுகும் ஆப்பிளில் பூஞ்சை உண்டாக்கும் பாட்டுலின் என்ற நச்சை ஈஸ்ட் உண்மையிலேயே மாற்றிவிடும். ஆப்பிள் சாறு சைடராக நொதிக்கும்போது சாக்கரோமைசிஸ் செரவிசியே, அதாவது பேக்கரி ஈஸ்ட்டின் அதே இனம், பாட்டுலினை நச்சு குறைந்த அஸ்கிளாடியாலாக மாற்றுகிறது. மதுவாக நொதிக்கும்போதுதான் இது நடக்கும். காற்றோட்டத்தில் வளர்த்தால் நடப்பதில்லை. நொதிக்காத சாற்றைக் காய்ச்சி பாட்டுலினைப் போக்க முடியாது, அமிலச் சாற்றில் அது வெப்பத்தைத் தாங்கும். ஆப்பிள் சாற்றில் நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். ஆகவே அழுகிய பழத்தை முதலிலேயே ஒதுக்குவதுதான் வழி. அழுகலை ஒட்டிய, நல்லதுபோல் தெரியும் சதையிலும் நச்சு பரவியிருக்கும்.

ஓக்ராடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சைச் சிதைக்கும் ஈஸ்ட் ஒன்று ஆஸ்திரேலியக் கரையான் ஒன்றின் குடலில் கிடைத்தது. 2004இல் ட்ரைக்கோஸ்போரான் மைக்கோடாக்சினிவோரன்ஸ் என்று பெயரிட்டார்கள். நச்சு மூலக்கூறை நடுவில் வெட்டி ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தனியே பிரித்துவிடும், மிச்சத்தில் நச்சுத்தன்மை மிகக் குறைவு. தீவனத்துக்காக ஆராயப்பட்ட இனம் இது. நுரையீரல் நோயாளிகளுக்குத் தொற்று ஏற்படுத்தியதும் உண்டு. வீட்டில் வளர்க்கும் பொருளல்ல.

அஃப்ளாடாக்சினில் நிலைமை வேறு. பேக்கரி ஈஸ்ட் அதைச் சிதைப்பதாக நம்பக் கூடாது. ஈஸ்ட் செல்சுவர் அதை ஒட்டிப் பிடிக்கும், அவ்வளவுதான். செத்த செல்லும் பிடிக்கும், சூடாக்கியது இன்னும் நன்றாகவே பிடிக்கும். நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்தில் கலக்கும் டாக்சின் பைண்டர்களில் (நச்சைக் கட்டிப்போடும் பொருட்கள்) ஈஸ்ட் செல்சுவர் இருப்பது இதற்காகத்தான். பிடித்ததில் ஒரு பங்கு கழுவினால் திரும்பக் கழன்றுவிடும். கோழியின் குடலில் நச்சு உறிஞ்சப்படுவதைக் குறைக்கப் பைண்டர் உதவும். பூஞ்சணம் பிடித்த கடலையை நாம் தின்னத் தக்கதாக்காது. வறுத்தாலும் நச்சு முழுதாகப் போகாது.

கடலைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: பிடுங்கியதும் செடியைக் குப்புறக் கவிழ்த்துக் காய் மேலே இருக்கும்படி உலர்த்துங்கள். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று உருள வேண்டும். மூட்டையைத் தரையில் நேரடியாக வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். உடைத்தபின் சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கையாலேயே பொறுக்கி எறியுங்கள். அவற்றை எண்ணெய் ஆட்டவும் கொடுக்க வேண்டாம், மாட்டுக்கும் வைக்க வேண்டாம். பசு தின்றால் நச்சு பாலில் வரும்.