கழுத்தில் கொட்டியது, வயிற்றில் தடித்தது

கேள்வி: வயது 41. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பைக்கில் போய் வருகிறேன். போன வாரம் சட்டைக் காலருக்குள் கதண்டு (பெரிய குளவி வகை) புகுந்து கழுத்தில் கொட்டிவிட்டது. பத்து நிமிடத்தில் வயிறு, தொடையெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து தலை சுற்றியது. சற்று உட்கார்ந்துவிட்டு வண்டியை ஓட்டி வந்துவிட்டேன். கழுத்து வீக்கம் நான்கு நாளாகியும் முழுதாக வடியவில்லை. ஆன்டிபயாடிக் போடலாமா? பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறேன்.

பதில்: வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். ஐஸ் ஒத்தடமும் செட்ரிசின் மாத்திரையும் போதும். காய்ச்சலோ சீழோ இல்லாதபோது ஆன்டிபயாடிக் எதற்கு? சுண்ணாம்பு மட்டும் தடவிவிடாதீர்கள். தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தடிப்பும் தலைசுற்றலும். கழுத்தில் கொட்டியதற்கு வயிற்றில் தடிக்கிறது என்றால், ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது. இதுதான் அனபிலாக்சிஸ். தலை சுற்றியது பிரஷர் இறங்கியதால் இருக்கலாம். அந்த நிலையில் வண்டியை எடுத்தீர்களே! இந்த முறை தானாக அடங்கியது. அடுத்த முறையும் அடங்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பலரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் அவில், டெக்சா ஊசிகள் அரிப்பை அடக்கலாம். இறங்கிய பிரஷரைத் தூக்கி நிறுத்தாது. எனவே மறுபடி இப்படி வந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காலைச் சற்று உயர்த்திப் படுத்திருங்கள்; மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். சரியானதும் உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதுண்டு.

கொட்டிய கணத்தில் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கழுத்தில் அடிக்கத்தான் கை போகும். பூச்சியின் விஷத்தைவிட லாரிச் சக்கரம் ஆபத்தானது. வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டபிறகு ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், விஷப்பையும் சேர்ந்திருக்கும். நகத்தால் கீறியோ பிடுங்கியோ, உடனே எடுத்துவிட வேண்டும். கதண்டும் குளவியும் கொடுக்கை விட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். சட்டையைக் கழற்றி உதறுங்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் மூடிய ஹெல்மெட்டில் கண்ணாடியை இறக்கி, காலர் பட்டனையும் போட்டு ஓட்டினால் பாதிப் பூச்சி உள்ளே வராது.

அட்டெனலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரிவர வேலை செய்யாமல் போகலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் இதயத்துக்குக் கெடுதல். பிரஷர் டாக்டரிடம் இந்த வாரமே நடந்ததைச் சொல்லி, மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அலர்ஜி நிபுணர் ஒருவரையும் பாருங்கள்.