தண்ணீர்ப்பந்தலில் தொங்கிய வரி

கணக்கர் பதில்கள்

கேள்வி: ஐயா, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன இடத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் பெரிய பனர். அம்மன் படம் ஒரு மூலையில் சின்னதாய். மிச்சமெல்லாம் சிவப்பெழுத்து: "18 வயது தாண்டிவிட்டதா? வரிக்கோப்பு திறந்துவிட்டீர்களா? தண்டம் 50,000!" மகள் இப்பதான் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். அவளும் வரி கட்டவேண்டுமா? 2,500 ரூபா கொடுத்தால் எல்லாம் செய்து தருவார்களாம்.
- ஒரு தாய், முள்ளியவளை

பதில்: பிள்ளைக்கு ஒரு சதமும் வரி இல்லை, தங்கச்சி. மோர் குடிக்கப் போன சனத்தின் வயிற்றைக் கலக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

18 வயதானவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து ரின் (TIN) இலக்கம், அதாவது வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம், எடுக்கவேண்டும் என்பது உண்மை. 2024 ஜனவரியில் இருந்து அந்த நடைமுறை. ஆனால் இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் வரை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் வரை, உழைப்பவருக்கு வருமானவரி கிடையாது. நெல் விற்ற காசு முழுக்க வருமானம் என்று பயந்து எழுதுகிற கமக்காரரும் இருக்கிறார்கள். உழவுக்கூலி, விதைநெல், உரம், மருந்து, வெட்டு மெசின் கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. துண்டுகளை மட்டும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

2,500 எதற்கு? பதிவு இலவசம், திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே செய்யலாம். ஏ.எல். எழுதின பிள்ளைக்கு அது பெரிய வேலையுமில்லை. முடியாவிட்டால் போட்டோக்கொப்பிக் கடைத் தம்பியிடம் ரைப் பண்ணின கூலி கொடுத்துச் செய்விக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பாருங்கள். போடுகிற போன் நம்பரும் மின்னஞ்சலும் மகளுடையதாக இருக்கவேண்டும். கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுவிட்டால், நாளைக்குத் திணைக்களம் அனுப்புகிற கடிதமெல்லாம் அவருக்குத்தான் போகும். கடவுச்சொல்லையும் போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தையும் ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

இந்த விளம்பரங்கள் வைகாசியிலேயே கோயிலுக்கு வந்துவிட்டது எனக்கும் புதினம். வழக்கமாக ஒக்டோபரில்தான் சலூன் கண்ணாடி, ஓட்டோவின் முதுகு என்று முளைக்கும். வருமான விபரத்திரட்டு ஒப்படைக்கக் கடைசி நாள் நவம்பர் 30, அதுதான் காரணம். மழையும் அப்போதுதான் பிடிக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் தை மாதம் ஒரு வளவில் பார்த்தேன்: ஆட்டுக்கொட்டிலுக்கு மேல் "உங்கள் வரி எங்கள் பொறுப்பு", கீழே நனையாமல் இரண்டு மறி படுத்திருந்தன. அந்தப் பனர் செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஸ்காபரோவில் இருந்து வந்த தம்பி தந்த கலண்டரில், பிள்ளையார் படத்துக்குக் கீழே "ஏப்ரல் 30க்கு முன் வரி நிரப்புங்கள்" என்று போட்டிருக்கிறது. நாங்களும் நிரப்பவேண்டுமா?
- பரந்தன் வாசகர்

பதில்: அது தம்பிக்கு. கனடாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு, பெரும்பாலானோருக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். எங்கட வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. தம்பி வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற காசு உங்கள் உழைப்பில்லை, அதற்கு வரியுமில்லை. அந்தக் கலண்டரில் இராகுகாலமும் பார்க்காதேங்கோ, அது அங்கத்தைய நேரம்.

கேள்வி: பாமசியில் பிரஷர் குளிசை போட்டுத் தந்த உறையின் பின்பக்கம், "வங்கி வெட்டிய வரியை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு போன் நம்பர். அவர் போனபிறகு கிடைத்த பத்து இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, வேறு வருமானமில்லை. வட்டியில் வெட்டுவதும் உண்மைதான். அவர்களிடம் கொடுக்கலாமா?
- தருமபுரம் வாசகி

பதில்: கொடுக்காதேங்கோ அம்மா. வட்டியில் 5 வீதம் வெட்டியதை 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதமாக்கினார்கள். வட்டி 8 வீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 80,000 வரும், அதில் 8,000 போய்விடும். மீட்டுத் தருகிறவர் அதிலும் பங்கு கேட்பார்.

வெட்டாமலே தடுக்கலாம். ரின் இலக்கத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று சுயவெளிப்படுத்தல் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்கவேண்டும். வரியாண்டு மாறும்போது புதிதாகக் கொடுக்கவேண்டும், இதைத்தான் கனபேர் மறந்துவிடுகிறார்கள். ஏற்கனவே வெட்டியதற்கு வங்கியிடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துத் திணைக்களத்திடம் மீளளிப்புக் கோரலாம். சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1944க்கு அடித்துக் கேளுங்கள், உறையில் இருக்கிற நம்பருக்கு வேண்டாம்.