ஓரியூர் மண்ணும் ஆய்வகச் சாவியும்

கேள்வி: மகளை ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்க் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறாள் மனைவி. சாமியார் நடத்தும் பள்ளியில் சரித்திரம் என்றால் புனிதர் கதை, அறிவியல் என்றால் ஆதாம் ஏவாள் என்றுதானே இருக்கும்?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால், சாமியார் நடத்தினாலும் சர்க்கார் நடத்தினாலும் புத்தகம் ஒன்றுதான். அறிவியலில் மரபியலுக்கு அடுத்த பாடமே பரிணாமம். மரபியலின் நாயகர் மெண்டலோ அகுஸ்தீன் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி போட்டு, உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850 என்று எண்ணி எழுதியவர். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலே 1996இல் சொல்லியாயிற்று. கலிலியோவை 1633இல் தண்டித்ததும் திருச்சபைதான், 1992இல் தவறை ஒப்புக்கொண்டதும் திருச்சபைதான். மறைக்கல்வி வகுப்பு தனி. உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்க முடியாது. அரசமைப்புச் சட்டம் 28(3) அதற்குத்தான் இருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. உங்களுக்குப் பக்கத்திலேயே ஓரியூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சரித்திரத்தை அந்தப் பள்ளி வகுப்பில் எப்படி நடத்துகிறது என்று கேளுங்கள்.

1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ அங்கே தலை வெட்டப்பட்டார் என்று தேதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது சரித்திர வகுப்பு ஆகாது. சேதுபதி குடும்பத்துத் தடியத்தேவர் பிரிட்டோவால் மதம் மாறினார், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண் என்பதும் வர வேண்டும். தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர் என்பதும் வர வேண்டும். கிழவன் சேதுபதியை வெறும் கொடுங்கோலராக நிறுத்துவதும் தப்பு. 1702இல் ராணி மங்கம்மாளின் படையை முறியடித்தவரும் அவரே. சாவுக்கு முதல்நாள் சிறையிலிருந்து பிரிட்டோ எழுதிய கடிதம் இருக்கிறது. அதைப் படிக்கக் கொடுத்து, ‘இது யார் பக்கத்துச் சாட்சி? எதிர்ப்பக்கம் என்ன சொல்லியிருக்கும்?’ என்று கேட்கிற ஆசிரியர் இருந்தால், பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

அடுத்தது ஓரியூரின் செம்மண். புனிதரின் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை. மணலுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு என்பது வேதியியல். இதைச் சொல்வதால் அவருடைய தியாகம் மாற்றுக் குறையாது. சொல்லத் தயங்கும் ஆசிரியர்தான் இரண்டையும் குழப்புகிறார். சோதித்துக் காட்ட ஒரு பீரியடு போதும். சோதனைக் குழாயில் கால் ஸ்பூன் செம்மணல், 5 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிச் சில நிமிடம் இளஞ்சூடு காட்டினால் மணல் வெளுக்கும், கரைசல் மஞ்சளாகும். தெளிந்ததை வேறு குழாயில் இறுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் துருநிறத்தில் வீழ்படிவு இறங்கும். அதுதான் இரும்பின் அடையாளம்.

கெடுவது எங்கே என்றால், முதல் சில சொட்டுகளில் ஒன்றும் தெரியாது. மிச்ச அமிலம் முறிந்த பிறகுதான் வீழ்படிவு வரும். பிள்ளைகள் இரண்டு சொட்டில் நிறுத்தி ‘இரும்பு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். நம் கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அமிலம் பட்டதும் நுரை பொங்கும். அதுவே அமிலத்தைத் தின்றுவிடுவதால், நுரை அடங்கியபின் இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்ற வேண்டும். துருப்பிடித்த ஸ்பூனால் மணல் அள்ளினால் அந்த இரும்பும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், விலை மலிவு என்று வாங்கும் கமர்ஷியல் அமிலம். அதன் மஞ்சளுக்குக் காரணமே பெரும்பாலும் அதிலுள்ள இரும்பு. ஆகவே மணல் போடாமல் அமிலம் மட்டும் வைத்து ஒரு குழாய், வெள்ளை மணலோடு ஒரு குழாய், செம்மணல் குழாயோடு சேர்த்து ஆக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத சோதனை, எதிர்க்கட்சி வக்கீல் இல்லாத வழக்கு மாதிரி.

இதற்கெல்லாம் ஆய்வகம் திறந்திருக்க வேண்டுமே! பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 75தான் எழுத்துத் தேர்வு. மீதி 25 செய்முறையைச் சேர்ந்தது. கடற்காற்றில் பித்தளை முனைகளில் பச்சை பிடிக்கும். உப்புத்தாளால் தேய்க்காமல் மின்தடைச் சோதனை செய்தால் அளவு கூடித்தான் வரும். பாட்டில் மூடி தளர்ந்திருந்தால், வெள்ளையாக்கி வைத்த காப்பர் சல்பேட் ஈரத்தை இழுத்துத் தானே நீலமாகிவிடும். பிள்ளை தண்ணீர் விடும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. பல பள்ளிகளில் பீரோ திறப்பதே தேர்வுக்கு ஒரு மாதம் முன்புதான். இதில் சாமியார் பள்ளி, சர்க்கார் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று பேதமில்லை.

சேர்க்கைக்குப் போகும் அன்று தலைமையாசிரியரிடம் ஆதாம் ஏவாளைப் பற்றிக் கேட்டு அசடு வழியாதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாவி தேட எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் தாண்டினால் வேறு பள்ளி பாருங்கள்.