பல் எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையை ஏன் அளக்கிறார்கள்?

யாங்கூனில் என் பெரியம்மா பல் பிடுங்கப் போனார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்பையும் ஒரு தடவை சோதிச்சுக்குங்கம்மா" என்றார். பல்லுக்குப் போன இடத்தில் எலும்புப் பேச்சு எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் குழப்பம்.

மெஷின் முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுப்பதற்கு ஓபிஜி என்று பெயர். அதில் கீழ்த்தாடையின் அடி ஓரமாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அதுதான் எலும்பின் கெட்டியான வெளி ஓடு. முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, உதட்டுக்குப் போகும் நரம்பு வெளிவரும் சிறு துளை இருக்கிறது. அதற்கு நேர் கீழே பட்டையின் தடிப்பை அளப்பார்கள். படம் எல்லாவற்றையும் சற்றுப் பெரிதாகக் காட்டும் என்பதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 3 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் கவனிக்கத்தான் வேண்டும்.

எலும்பு உயிருள்ள பொருள்; பழையது கரையும், புதியது உருவாகும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைவது முந்திக்கொள்கிறது. ஓடு உட்புறமாக அரிபட்டு மெலிகிறது. படத்தில் அதன் உள் ஓரம் பிசிறு பிசிறாகத் தெரியும்.

இங்கே வீடு கட்ட மூங்கில் வாங்குகிறோமே, இரண்டு மூங்கில் வெளியே ஒரே பருமனாகத் தெரியலாம். வெட்டுவாயில் சுவரின் தடிப்பைப் பார்த்துத்தானே தூணுக்கு எது, தட்டிக்கு எது என்று பிரிக்கிறோம்? அதே பார்வைதான் இதுவும்.

பட்டை மெலிந்தாலே, எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் உறுதி என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை, அது சந்தேகம் மட்டுமே, இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் உறுதி செய்யும்.